முதலில் நீ படு

மதினி,

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்றைக்குத் தூக்குவாளியில் பாயசம் கொடுத்துவிட்டார்கள். மூடியைத் திறந்ததும் குப்பென்று ஏலக்காய் வாசம். என் மருமகள் தூக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். இந்த வீட்டுக்குள் ஏலக்காய் நுழையக்கூடாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும், பாவம். போடியில் இருந்துகொண்டு ஏலக்காய் போடாமல் பாயசம் வைக்கிற ஒரே வீடு இதுதான் என்று என் மகன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். உன் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தவள் நான். அவன் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், உனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் மறதி மட்டும் என்னை அண்டியதில்லை. என் கல்யாணத்தன்று நீளமான மல்லிகைச் சரத்தை உன் தங்கச்சி தலையில் வைத்துவிட்டு, மிச்சத் துண்டை எனக்கு வைத்தாயே, அது நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. உன் மேல் இருக்கிற வருத்தங்களில் அது சின்னது. பெரியது வேறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனும் நீயும், நானும் என் வீட்டுக்காரரும், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். ஆவணி பிறந்தால் காய் எடுப்பு. மழையில் நனைந்துகொண்டு செடியின் தூரில் குந்தி, கால் விரல் இடுக்கில் அட்டை கடித்துக்கொண்டிருக்க, பழுத்த காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். மலை முழுவதும் வெதுவெதுப்பாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். காய் உலர்த்துகிற ஸ்டோர். உள்ளே அடுப்பு எரியும், தட்டுகளில் பச்சைக்காய் பரப்பியிருக்கும். அங்கே சோலி கிடைத்தால் அட்டையும் இல்லை, மழையும் இல்லை.

ஆனால் அந்த ஸ்டோருக்கு ஒரு கட்டு இருந்தது. தீட்டு வந்த பொம்பளை உள்ளே போகக்கூடாது. போனால் காய் வெடித்துவிடும், பச்சை நிறம் வெளுத்துவிடும் என்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இப்படித்தானோ என்னவோ, எங்கள் கங்காணி அதை வேதமாக வைத்திருந்தான். அதனால் மாதவிலக்கு நின்றுபோன பொம்பளைகளுக்குத்தான் ஸ்டோரில் நிரந்தரச் சோலி. வயசாகிவிட்டது என்று மற்ற ஊரில் ஒதுக்குவார்கள். எங்கள் மலையில் அதற்குப் பிறகுதான் மரியாதை. உனக்கு நின்று, கங்காணி உன்னை ஸ்டோருக்கு மாற்றியபோது நீ நடந்த நடையே வேறு. எங்களைப் பார்த்து, "போங்கத்தா, அட்டைக்கு விருந்து வைக்கப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாய்.

கொஞ்ச காலம் கழித்து நீ இடுப்பில் ஒரு சின்னத் துணிமுடிச்சில் ஏலக்காய் கட்டிக்கொள்ள ஆரம்பித்தாய். நீ பக்கத்தில் வந்தாலே மணக்கும். ஸ்டோர்க்காரி பவுசு காட்டுகிறாள் என்று லயத்துப் பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கோயிலுக்குப் போகும்போதும் முடிச்சு, ஓடைக்குப் போகும்போதும் முடிச்சு. தூங்கும்போது ஏன் என்று மட்டும் எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஓடையின் கீழ்ப்பக்கம், யாரும் போகாத பாறை மறைவில் நீ துணி அலசிக்கொண்டிருந்தாய். சுள்ளி பொறுக்க வந்த நான் மேலே நின்று பார்த்தேன். ஓடைத் தண்ணீர் சிவந்து போனது. காற்று என் பக்கம் திரும்பியபோது ஒரு நாற்றம் வந்தது. மாதவிலக்கு நாற்றம் அது இல்லை. அழுகல். முடிச்சு பாறைமேல் அவிழ்ந்து கிடந்தது.

இறங்கி வந்து கேட்டேன். நின்றுபோனது திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாய். எப்போதிருந்து என்று கேட்டதற்கு, காய் எடுப்புத் தொடங்கினதிலிருந்து என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏத்தா, கங்காணி காதுக்குப் போச்சுன்னா என்னையத் தூக்கித் திரும்பவும் அட்டைக்குள்ள போட்ருவான். வாயத் தொறந்துராத."

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைத் தோட்டத்து மருந்துக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பவுண்டர் வாசல்படியில் நின்றபடியே என்ன என்று கேட்டார். உள்ளே கூப்பிடவும் இல்லை, தொட்டும் பார்க்கவில்லை. சில பேருக்கு இப்படி வயசு திரும்பும், உடம்புச் சூடு என்று சொல்லி ஒரு பாட்டில் வெள்ளை மருந்து கொடுத்தார். அந்த ஆள் செத்தபோது சாவு வீட்டுக்கு லயமே போனது. நான் போகவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "காய் எடுப்பு முடியட்டும், தைக்குப் பெறவு பாத்துக்கிருவம்" என்றார். உனக்கும் அதே பேச்சு. இதற்குள் கங்காணிக்குத் தெரியாமல் பொம்பளைகள் மட்டத்தில் சேதி கசிந்து, உன்னைப் பார்த்தால் மறைவாகச் சிரிப்பார்கள். மதினிக்கு வாலிபம் திரும்புது, அண்ணன் பாடு யோகம் என்று ஒருத்தி சொல்ல, நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் ஸ்டோர் வாசலில் உலர்ந்த காய்த் தட்டோடு நீ வெளியே வந்தபோது, உன் குதிகாலில் ஒரு கோடு ரத்தம் இறங்கியிருந்தது. உதடு வெளுத்து, தாள் மாதிரி இருந்தாய். தை மாதம் வரைக்கும் இவள் இருக்கமாட்டாள் என்று எனக்குப் பட்டது. ஸ்டோர்ச் சோலி இருக்கிற வரைக்கும் நீ மலையை விட்டு இறங்கமாட்டாய் என்றும் பட்டது.

மறுநாள் காலையில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற இடத்தில், நான் வரிசையை விட்டு முன்னால் போனேன்.

"கங்காணி, எங்க மதினிக்கு ரத்தம் போகுது. ஆவணியில இருந்தே போகுது. இவகள இன்னமும் ஸ்டோருக்குள்ள விட்டீகன்னா, ஒங்க காய்க்கு யாரும் பொறுப்பில்ல."

கங்காணி ரெண்டு எட்டுப் பின்னால் போனான், உன்னைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி. ஸ்டோரைக் கழுவி விடச் சொன்னான். நீ என்னைப் பார்த்தாய், மதினி. அந்தப் பார்வையையும் நான் மறக்கவில்லை.

அது தப்பு என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அத்தனை மாதமும் உன் கை பட்ட காய் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அந்த வருசக் காய்தான் நல்ல பச்சை என்று அதே கங்காணி முந்தின வாரம் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். கழுவி விடச் சொன்னபோது அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது.

அன்றைக்கே காய் மூட்டை ஏற்றிய லாரியில் இறங்கினோம். அண்ணன் வரவில்லை, ஆள் பற்றாது என்று காய் எடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த காலம் வரைக்கும் அவர் வீட்டில் நான் கை நனைக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எங்களை ஏற்றிவிட்டார். நீ மூட்டைகளுக்கு நடுவில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாய். வளைவுக்கு வளைவு என் மேல் சாய்ந்துவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாய்.

போடியில் அப்போது ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். குட்டையான ஆள், கண்ணாடி போட்டவர். கூட இருந்த நர்சு மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண். "பேடிக்கண்டா சேச்சி" என்றாள். பயப்படாதே என்கிற அந்த மலையாளம் தோட்டத்தில் இருந்த நமக்குப் புரியும். நீ பயப்படவில்லை. கோபமாக இருந்தாய். அறையில் இரும்பு மேசை, அதன்மேல் ஒரு ரப்பர் துணி. அதில் ஏறிப் படுக்கச் சொன்னார்கள். நீ நகரவில்லை. அப்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தாய்.

"லயமே பாக்க என் மானத்த வாங்குனவ நீ. மொதல்ல நீ படு. ஒன் மானம் எப்படி இருக்குன்னு நானும் பாக்குறேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை, இவகளுக்குத்தான் என்றேன். நீ கதவுப் பக்கம் திரும்பிவிட்டாய். போய்விடுவாய் என்று பயந்துபோய் நான் மேசையில் ஏறிப் படுத்தேன். ஓடைப்பாறை மாதிரிக் குளிர்ந்தது. சரி, வந்ததுக்குப் பார்த்துவிடுவோம் என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே என் மாராப்பை விலக்கினார். நீ மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வேடிக்கை பார்ப்பது மாதிரிப் பார்த்தாய்.

அவர் விரல் நுனியால் குத்தவில்லை. விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வைத்து, வட்டம் வட்டமாக அழுத்திக்கொண்டே வந்தார். வலதுபக்கம் முடிந்தது. இடதுபக்கம் கக்கத்துக்குக் கிட்டே வந்ததும் அந்தக் கை நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றுவிட்டது. இது எத்தனை நாளாக இருக்கிறது என்றார். அது பால் கட்டு, கடைசிப் பிள்ளை பால் மறந்ததிலிருந்து இருக்கிறது என்றேன்.

"பால் கட்டினா வலிக்குமேம்மா. இது வலிக்குதா?"

வலிக்கவே இல்லை என்றேன், சந்தோசமாக. அவர் சந்தோசப்படவில்லை.

எழுந்து உட்காரச் சொன்னார். ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். தூக்கும்போது அந்த இடத்தில் மட்டும் தோல் உள்ளே இழுத்தது, நூல் இழுத்த துணி சுருங்குவது மாதிரி. பக்கத்தில் கண்ணாடி இருந்தது, நானே பார்த்தேன். கட்டியை ரெண்டு விரலில் பிடித்து அசைத்துப் பார்த்தார். நழுவி ஓடுகிற கட்டிக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், இது அப்படி ஓடவில்லை என்றார். கக்கத்துக்குள் விரல் விட்டு நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினார். நீ கட்டியிருந்த கை அவிழ்ந்து, எப்போது என் பக்கத்தில் வந்து நின்றாய் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் இறங்கினேன். ஒருவரும் சொல்லாமலே நீ ஏறிப் படுத்தாய்.

உன்னை முதலில் கேள்விதான் கேட்டார். எப்போது நின்றது, எப்போது திரும்பியது, இடையில் வெள்ளையாகவோ தண்ணீராகவோ போனதா, புருசனோடு சேர்ந்தால் ரத்தம் படுகிறதா. ஸ்டோருக்கு மாறிய புதிதிலிருந்தே வெள்ளை போகிறது என்றாய். கடைசிக் கேள்விக்கு நீ கண்ணை மூடிக்கொண்டு, ஆமென்று தலையை ஆட்டினாய். எனக்குக்கூட நீ சொல்லாத சேதி அது. பிறகு அவர் மூக்கைச் சுருக்கி, என்ன வாசம் என்று கேட்டார். நான் உன் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கையில் வைத்துக் காட்டினேன். அதை வெளியே தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னார். வைத்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது எனக்கே தெரிந்துவிட்டது. வாசம் போன அறையில் நாற்றம் மட்டும் இருந்தது. எல்லாரும் உன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்த அத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

வாத்து மூக்கு மாதிரி ஒரு கருவியை வைத்து விரித்து, டார்ச்சு அடித்துப் பார்த்தார். பஞ்சால் கர்ப்பப்பை வாயைச் சும்மா தொட்டார். பஞ்சு சிவந்துவிட்டது. கையுறை போட்டு உள்ளே விரல் விட்டு, ரெண்டு பக்கமும் இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். நீ சத்தம் போடவில்லை. என் கைதான் நசுங்கியது.

கை கழுவிவிட்டு வந்து எங்கள் ரெண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். "கண்ணுக்கும் கைக்கும் சந்தேகம்தான் வரும். ஒரு துணுக்குச் சதை எடுத்து பூதக்கண்ணாடியில பார்த்தாத்தான் அது என்னன்னு உறுதியாச் சொல்ல முடியும். ரெண்டு பேரும் மதுரைக்குப் போகணும்."

"சந்தேகத்துக்கா மதுரை வரைக்கும் போறது?" என்றாய் நீ. "எங்க வீட்டுக்காரரு இருந்த எடத்துலயே தெனமும் சந்தேகப்படுவாரே."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் அழுதேன். நீ என்னிடம் கோபம் மறந்து பேசிய பேச்சு இல்லை அது, எனக்குத் தெரியும். ஆனாலும் பேசினாய்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எனக்கு மரக்க ஊசி போட்டுக் கீறி எடுத்தார்கள். உனக்கு ஊசிகூட இல்லை, ஒரு கிள்ளு. ரெண்டு துணுக்கையும் ரெண்டு குப்பியில் மருந்துத் தண்ணீரில் போட்டு, பேர் எழுதி ஒட்டினார்கள். மாற்றி ஒட்டிவிடப் போகிறான், நல்லாப் பாரு என்று நீ என் விலாவில் இடித்தாய். முடிவு வரும்வரை என் சின்ன மாமியார் வீட்டில் தங்கினோம். ஒரே பாயில் படுத்தோம். ஆனால் நீ பேசியதெல்லாம் குழம்பு, உப்பு, மழை. அந்தக் காலை வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முடிவு வந்தது. ரெண்டு குப்பிக்கும் ஒரே பேர்தான், புற்று. ஆனால் என்னுடையது இருந்த இடத்திலேயே இருந்தது. நெறிக்குப் போகவில்லை. மார்பை எடுத்துவிட்டால் பிழைப்பேன் என்றார்கள். உன்னுடையது ரெண்டு பக்கமும் பரவி எலும்போடு இறுகிவிட்டது. அறுக்க முடியாது, மதராசுக்குப் போனால் ரேடியம் வைப்பார்கள், ரத்தம் நிற்கும், எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வெள்ளையாகப் போக ஆரம்பித்தபோதே வந்திருந்தால் வேறு பேச்சு என்று அந்தப் பெரிய டாக்டர் சொன்னார். நீ ஸ்டோருக்கு மாறிய புதிதில்தானே அது ஆரம்பித்தது, மதினி. என்னிடம் சொல்லியிருக்கலாம். அடுத்த வீடு. நடுவில் ஒரு தட்டிச் சுவர். உன்மேல் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் அதுதான், இன்னும் தீரவில்லை.

எனக்கு மார்பை எடுத்தபோது நீதான் கூட இருந்தாய். அதன்பின் நீ மதராசுக்குப் போய் வந்தாய். ரத்தம் நின்றது. கொஞ்ச மாதம் முகத்தில் களைகூட வந்தது. மலைக்குத் திரும்பவில்லை, என் வீட்டுக்காரரும் பிள்ளைகளோடு இறங்கி வந்துவிட, போடியிலேயே என்னோடு இருந்தாய். ஆனி மாதக் காற்று அடிக்கத் தொடங்கியபோது மறுபடியும் படுத்துவிட்டாய். நாற்றமும் திரும்பியது. வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களே என்று நான் கொஞ்சம் ஏலக்காய் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தேன். நீ அதைத் தட்டிவிட்டாய்.

"என் பக்கத்துல அதக் கொண்டாராத. வாசத்தப் பூசிப் பூசித்தான் இம்புட்டுத் தூரம் கொண்டாந்து விட்ருக்கேன். நாறட்டும். நாறுனா நாலு பேரு என்னன்னு கேப்பாக."

கொஞ்ச நேரம் கழித்து, ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "ஒன்னைய மொதல்ல படுன்னு சொன்னது வெறும் ஆங்காரத்துல சொன்னது ஏத்தா. ஆனா நான் பேசுனதுலயே உருப்படியான பேச்சு அதான்."

என்னை மன்னித்துவிட்டதாக நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த ஆவணிக்கு நீ இல்லை.

அதற்குப் பிறகு நான் மலை ஏறவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. என் மகள்கள், உன் மகள், சிலமலையில் கட்டிக்கொடுத்த நாத்தனார் பெண்கள், பக்கத்து வீட்டுக்காரிகள் என்று எவள் கட்டி என்றாலும், எவள் தீட்டு நிற்கவில்லை என்றாலும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். எல்லாரும் அந்த மேசையைக் கண்டதும் உன்னை மாதிரித்தான் கதவைப் பார்ப்பார்கள். நான் சேலையை விலக்கி முதலில் ஏறிப் படுப்பேன். தட்டையாகிப்போன என் இடதுபக்கத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு வாய் அடைத்துவிடும். சில பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருத்தியின் புருசன், குடும்ப மானத்தை ஆஸ்பத்திரியில் விற்கிற கிழவி என்று தெருவில் நின்று கத்தினான். அவன் பேரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது எவ்வளவோ வந்துவிட்டது மதினி. மார்பை ரெண்டு தட்டுக்கு நடுவில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். கைக்குத் தட்டுப்படாத கட்டிகூட அதில் தெரியுமாம். சூலகத்தில், கர்ப்பப்பைக்குள்ளே இருப்பதை வயிற்றின் மேல் ஒரு கருவியை உருட்டியே பார்க்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் சின்னப் பிரஷ்சால் தடவி எடுத்து, கண்ணாடிச் சில்லில் பூசி, ரத்தம் வருவதற்கு வெகு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் எத்தனை மெஷின் வந்தாலும் ஒருத்தி வாயைத் திறந்து சொன்னால்தான் அவளை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடியும். அது மட்டும் மாறவில்லை.

பாயசத் தூக்கைக் கொல்லைக்குக் கொண்டுபோன என் மருமகள் திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த ஏலக்காய்ச் சண்டை எதற்கு என்று எப்போதும் போலக் கேட்டாள். முடிச்சுக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் முகம் மாறிப்போனது. தனக்கு நின்று போய் வெகு நாளாயிற்று என்றும், ரெண்டு மாதமாகத் துளித்துளியாகப் படுகிறது என்றும், வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னாள்.

"அது ஒன்னும் இருக்காது அத்தை. ஒங்க பேத்தி கல்யாணச் சோலி முடியட்டும், பெறவு பாத்துக்கிருவம்."

அண்ணன் குரல் மாதிரியே இருந்தது. உள்ளே போய் நாளைக்குக் கட்டுகிற சேலையை எடுத்துவைத்தேன், அவளுக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. ஆட்டோக்காரனைக் காலையில் வெரசா வரச் சொல்லிவிட்டேன். மகனிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நிறையப் பேருக்கு ஒன்றும் இல்லாமல்தான் இருந்திருக்கிறது. அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், வெயில் சொல்லக்கூடாது.

நாளைக்கு அந்த அறையில் என் மருமகளும் கதவைப் பார்ப்பாள். எனக்கு முழங்கால் மடங்குவதில்லை, நர்சுப் பிள்ளை கை கொடுத்தால்தான் ஏற முடியும். ஏறிவிடுவேன் மதினி. ஆங்காரத்தில் நீ சொன்ன சொல்லை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முதல் ஆளாகப் படுத்துவிடுவேன்.

மேசை குளிரும். குளிரட்டும்.